உப்புக்கொத்தியின் முட்டைக்கு எது காவல்: கூண்டா, கயிறா, ஆளா?

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ஆம் தேதி தொடங்குகிறது. ஜூன் 14 வரை, 61 நாள், பாம்பனிலும் மண்டபத்திலும் ராமேசுவரத்திலும் விசைப்படகுகள் வரிசைகட்டி நிற்கும். பள்ளிக்கூட விடுமுறையும் அந்த நாட்களில்தான் வருகிறது. அரிச்சல்முனைச் சாலையில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. அந்த வெயிலில், அந்த மணலில்தான் சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சமே பெரிதான அனுமன் உப்புக்கொத்தி என்ற பறவை குழி பறித்து முட்டையிடுகிறது.

குளிர்காலத்தில் தனுஷ்கோடிக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அவர்கள் வருவது பூநாரைக்காக. 2025 ஜூன் 5 அன்று தமிழக அரசு அங்கே சுமார் 524.7 ஹெக்டேர் பரப்பைப் பெரும்பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் பூநாரை இங்கே இரை தேடித்தான் வருகிறது, குஞ்சு பொரிக்க அல்ல. அக்டோபருக்குப் பிறகு கூட்டம் கூட்டமாக இறங்கும் உள்ளான்களும் மணல் உப்புக்கொத்திகளும் வடக்கே வெகு தொலைவில் கூடு கட்டுகிறவை. ஏப்ரலில் அவை கிளம்பிப் போன பிறகு மிஞ்சுகிற சில இனங்கள்தாம் நம் மண்ணில் பிறக்கிறவை. அனுமன் உப்புக்கொத்தி, சின்ன ஆலா என்ற கடற்பறவை, ஆள்காட்டி, உப்பளப் பாத்திகளில் நெடுங்கால் உள்ளான். பறவை பார்க்க வந்த கூட்டமும் கேமராவும் போன பிறகுதான் இவற்றின் பாடு தொடங்குகிறது.

அனுமன் உப்புக்கொத்தி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குஞ்சு பொரிக்கிற பறவை. வெகுகாலம் இதைக் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் கிளையினமாகவே வைத்திருந்தார்கள். மரபணுவையும் உடல் அளவுகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2023-இல் வெளிவந்த பிறகு தனி இனமாகப் பிரித்தார்கள். ராமர் பாலத்தின் இரு கரையிலும் வாழ்கிற பறவை என்பதால் அனுமன் பெயர்.

இதன் கூடு என்பது மணலில் ஒரு சின்னப் பள்ளம், சுற்றிலும் கொஞ்சம் சிப்பித் துண்டு, அவ்வளவுதான். இரண்டோ மூன்றோ முட்டை. ஏறக்குறைய 25 நாள் அடைகாக்க வேண்டும். முட்டையைப் பாதிவரை மணலில் புதைத்து வைக்கும். உச்சி வெயிலில் வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிரச் செய்யும். மனிதர் அருகே வந்தால் சிறகு ஒடிந்ததுபோல நொண்டி நடித்து வேறு பக்கம் இழுத்துப் போகும். மணல் கொதிக்கும் நேரத்தில் நாம் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டே இருந்தால், எந்த மிருகமும் வராமலே முட்டை வெந்துவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வருகிற எல்லா வழிகளுக்கும் இது பொருந்தும்.

இப்போது முடிவு எடுக்க வேண்டிய கேள்வி. ஒரு கடலோர ஊரில் இளைஞர் மன்றமோ, பறவை பார்க்கிற நாலு பேரோ, வனத்துறையோடு சேர்ந்து ஒரு பருவத்துக்கு ஏதாவது செய்ய நினைக்கிறார்கள். கையில் சின்னத் தொகை இருக்கிறது. எதில் போடுவது? கம்பிக் கூண்டு, வேலி, காவல் ஆள், நாய்களுக்குக் கருத்தடை, குப்பை ஒழிப்பு என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எல்லாம் சரியாகத்தான் படும். ஆனால் எது வேலை செய்யும் என்பது முட்டையைத் தின்பது யார் என்பதைப் பொறுத்தது. அதைப் பார்க்காமல் வாங்கும் கூண்டு வெறும் இரும்புச் செலவு.

தின்பது யார்?

இயற்கையாகவே இங்கே இருக்கிற எதிரிகள் பல. காக்கை, செம்பருந்து, கரும்பருந்து, நரி, கீரி, உடும்பு, பாம்பு, அப்புறம் யாரும் கணக்கில் சேர்க்காத மணல் நண்டு. நண்டு முட்டையையும் உடைக்கும், பொரித்த அன்றே குஞ்சையும் வளைக்குள் இழுத்துப் போகும். இவற்றோடுதான் உப்புக்கொத்தி காலம் காலமாக வாழ்ந்து வந்திருக்கிறது. முட்டையின் புள்ளி நிறமும் நொண்டி நடிப்பும் இவற்றுக்காக வந்தவைதாம். ஒரு முறை முட்டை போனால் சில நாட்களிலேயே வேறு இடத்தில் மறுபடி இடும். ஒரே பருவத்தில் இப்படிப் பல தடவை முயலும்.

நாம் கொண்டுவந்தவை வேறு. நாய், பூனை, படகில் ஏறி வரும் எலி. 1964 புயலுக்குப் பிறகு ஆள் வாழத் தகுதியில்லை என்று ஒதுக்கிய தனுஷ்கோடிக்கு, 2017-இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைவரை சாலை திறந்தது. அதற்கு முன் வேனில் மணலில் உருண்டுதான் போக வேண்டும். சாலை வந்ததும் கடைகள் வந்தன, கடைகளோடு எச்சில் இலையும் மீன் கழிவும் வந்தன, அவற்றை நம்பி நாய்களும் வந்தன. நாய்க்கு முட்டைதான் சாப்பாடு என்று இல்லை. வயிறு நிறைந்த நாயும் விளையாட்டாக ஓடி ஓடிப் பறவையை எழுப்பும். அது போதும், வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

காக்கை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அது இந்த மண்ணின் பறவைதான். ஆனால் இன்று கடற்கரையில் இருக்கிற எண்ணிக்கை இயற்கை கொடுத்தது அல்ல, நாம் ஊட்டி வளர்த்தது. கருவாடு காயும் களம், மீன் இறங்குதளம், சாப்பாட்டுக் கடை என்று எங்கும் அதற்குச் சோறு இருக்கிறது. போதாக்குறைக்குச் சீமைக் கருவேலம் அதற்கு உட்கார்ந்து நோட்டம் பார்க்கக் கிளை கொடுக்கிறது. வெட்டவெளியாக இருந்த மணல் மேட்டில் மரமே இல்லாதபோது காக்கைக்கு அந்த வசதி இருக்கவில்லை.

உள்ளூர் மிருகம், வந்தேறி மிருகம் என்று பிரிப்பதில் கவனம் வேண்டும். நம் ஊர்க் கீரி இங்கே வயல்வெளியின் இயல்பான பிராணி. அதே இனத்தின் நெருங்கிய உறவை 1872-இல் கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிக்கக் கல்கத்தாவிலிருந்து ஜமைக்காவுக்கு ஏற்றுமதி செய்தார்கள். அங்கிருந்து 1883-இல் ஹவாய்க்குப் போனது. போன இடமெல்லாம் தரையில் கூடு கட்டும் பறவைகளைத் தீர்த்துக்கட்டியது. நம் வீட்டுக் காக்கை கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரைக்குக் கப்பல் ஏறிப் போய், கென்யாவில் இன்று ஒழிக்க வேண்டிய பறவை என்று அரசே அறிவிக்கும் நிலைக்கு வந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் தெற்கு யூயிஸ்ட் தீவில் தோட்டத்து நத்தையைத் தின்னட்டும் என்று 1974-இல் சில முள்ளெலிகளைக் கொண்டுபோய் விட்டார்கள். அவை பெருகி உள்ளான்களின் முட்டைகளைத் தின்னத் தொடங்கின. 2003-இல் கொல்லத் தொடங்கி, எதிர்ப்பு கிளம்பியதும் 2007 முதல் பிடித்து வேறிடத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஊர்களில் எதிரி வெளியாள் என்பது தெளிவு. நம் கடற்கரையில் அந்தத் தெளிவு கிடையாது. ஆகவே நியூசிலாந்தில் செய்தார்கள், ஸ்காட்லாந்தில் செய்தார்கள் என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

தின்பது யார் என்று மணலே சொல்லும். காலையில் காற்று எழுவதற்கு முன் பார்க்க வேண்டும். கச்சான் காற்று கிளம்பிவிட்டால் தடம் அழிந்துபோகும். நாய்த் தடத்தை யாரும் தவறவிட மாட்டார்கள். உடும்பு வாலை இழுத்த கோடு இருக்கும். நண்டு ஊசிக் குத்துப் போல வரிசையாகப் புள்ளி வைத்துப் போயிருக்கும். காக்கை பெரும்பாலும் முட்டையைத் தூக்கிக்கொண்டு பறந்துவிடும், வெறும் பள்ளம்தான் மிஞ்சும். பள்ளத்தின் அடியில் கடுகளவு ஓட்டுத் துணுக்குகள் கிடந்தால் அது திருட்டு அல்ல, குஞ்சு பொரித்துப் போயிருக்கிறது. இதைத் தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்க்க முடிந்த அளவுக்குப் பார்த்து, கூடு முடிந்த பிறகு மட்டும் கிட்டே போவது நல்லது. நம் காலடியை மோந்து நாய் வரும். நாம் குனிந்து பார்ப்பதைக் காக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.

கூண்டு

ஆர்வலர்கள் கூடினால் முதலில் எழும் யோசனை இதுதான். முட்டைப் பள்ளத்தைச் சுற்றிக் கம்பிவலையை ஊன்றி மேலேயும் மூடிவிடுவது. கண்ணி வழியே உப்புக்கொத்தி நடந்து போய் வரும், நாயும் காக்கையும் உள்ளே வராது. அமெரிக்கக் கடற்கரைகளில் பைப்பிங் ப்ளோவர், ஸ்னோயி ப்ளோவர் என்ற உறவினங்களுக்குப் பல ஆண்டுகளாக இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். முட்டை பொரிக்கும் விகிதம் கூடியது உண்மை. போட்டோவுக்கும் நன்றாக இருக்கும், நன்கொடை கொடுத்தவருக்குக் காட்ட ஒரு பொருளும் ஆயிற்று.

ஆனால் அங்கேயே தெரியவந்த இன்னொரு உண்மை இருக்கிறது. கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிற தாய்ப்பறவையே இரையாவது கூடியது. கூண்டு என்றால் உள்ளே பறவை இருக்கும் என்பதைப் பருந்தும் நரியும் கற்றுக்கொள்கின்றன. பறவை கண்ணி வழியே வெளியே வருகிற கணத்துக்காகக் காத்திருக்கின்றன. சுவீடனின் மேய்ச்சல் நிலங்களில் செய்தபோது, கடைசி நொடிவரை முட்டையைவிட்டு எழாத பவளக்காலி என்ற கரைப்பறவைகள்தாம் இப்படி அதிகம் மாட்டின.

இந்த நட்டம் எவ்வளவு பெரிது என்று யோசித்துப் பாருங்கள். முட்டை போனால் அந்த ஜோடி சில நாளில் மறுபடி இடும். அடுத்த ஆண்டும் இடும். தாய் போனால் அந்தப் பருவத்தின் மீதி முயற்சிகளும் அடுத்த ஆண்டுகளும் சேர்ந்தே போய்விடும். மூன்று முட்டையைக் காப்பாற்றி ஒரு தாயை இழப்பது லாபம் ஆகாது.

இரண்டாவது சிக்கல், உப்புக்கொத்திக் குஞ்சு கூட்டில் இருப்பதே இல்லை. ஈரம் உலர்ந்த சில மணி நேரத்தில் எழுந்து ஓடிவிடும். அதன்பிறகு பறக்கிற வரையில் ஒரு மாதம்போல அது தரையில்தான் ஓடித் திரிய வேண்டும். கூண்டு காப்பது முதல் 25 நாளை மட்டும். பொரித்தது எத்தனை என்ற கணக்கு அழகாக வரும், பறந்தது எத்தனை என்று கேட்டால் பதில் இருக்காது. எந்தத் திட்டமானாலும் இந்த இரண்டாவது கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் நம் கடற்கரைக்கே உரிய சங்கடங்கள். சமதளமான மணல்வெளியில் ஒரு கூண்டு நின்றால் அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போகிற காரிலிருந்தும் தெரியும். என்ன அது என்று பார்க்க ஆள் வரும். கம்பி உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், அதற்கு முன்பே யாராவது பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோவார்கள். காக்கைக்கு மேலே உட்கார நல்ல இடம். நண்டுக்கும் பாம்புக்கும் அது தடையே அல்ல. ஆலாக்களுக்கோ கூண்டு பொருந்தாது, அவை நடந்து வருகிறவை அல்ல, மேலிருந்து நேரே முட்டைமேல் இறங்குகிறவை.

ஆனாலும் கூண்டு என்றைக்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தடங்களைப் பார்த்து நாய்தான் காரணம் என்று உறுதியானால், சாலையிலிருந்து மறைவான ஒன்றிரண்டு கூடுகளுக்கு, தினமும் தூரத்திலிருந்து பார்க்க ஒரு ஆள் இருந்தால், வைக்கலாம். வளர்ந்த பறவை ஒன்று செத்துக் கிடந்தால் அன்றே எல்லாக் கூண்டையும் எடுத்துவிட வேண்டும். தினமும் பார்க்க ஆள் இருந்தால் கூண்டே தேவைப்படாமல் போகலாம் என்பது வேறு விஷயம்.

ஆமைக்குச் செய்வதுபோலச் செய்தால் என்ன?

ராமேசுவரம் பக்கம் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். சிற்றாமை முட்டைகளை வனத்துறை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சு வந்ததும் கடலில் விடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஆமைக்கு அது சரி. தாய் ஆமை முட்டையிட்டதும் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. முட்டைக்கு மணலின் சூடு போதும். குஞ்சு யாரும் கற்றுக்கொடுக்காமல் கடலைத் தேடி ஓடுகிறது.

உப்புக்கொத்திக்குத் தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்க வேண்டும். பெரும்பாலும் பகலில் பெண், இரவில் ஆண். பொரித்த குஞ்சு தானே கொத்தித் தின்னும் என்றாலும், பருந்து வரும்போது பதுங்கச் சொல்லிக் குரல் கொடுக்கவும், வெயிலிலும் குளிரிலும் சிறகுக்குள் வாங்கிக்கொள்ளவும் பெரியவர் வேண்டும். எடுத்து வளர்ப்பது உலகில் நடந்திருக்கிறது. நியூசிலாந்தின் கருப்பு நெடுங்கால் உள்ளான் 1981-இல் வெறும் 23 வளர்ந்த பறவைகளாகக் குறுகியபோது, முட்டையை எடுத்து வளர்ப்பு நிலையத்தில் பொரித்துத்தான் மீட்டார்கள். அது வேறு வழியே இல்லாத இனத்துக்கான கடைசி மருந்து. அதற்கு வளர்ப்பு நிலையமும் மருத்துவரும் பல ஆண்டுப் பணமும் வேண்டும்.

மேலும், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முட்டையை எடுப்பதும் சிதைப்பதும் வேட்டை என்ற வரையறைக்குள் வருகிறது. நல்ல எண்ணத்தில் எடுத்தேன் என்பது அங்கே செல்லாது. இந்த வழியை அப்படியே தள்ளிவிடலாம்.

எதிரியை அகற்றுவது

நாயில் தொடங்கலாம். பிடித்து வேறு ஊரில் விட்டுவிடுவது என்ற பழைய பழக்கத்தை 2023-ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் அனுமதிப்பதில்லை. கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். மனிதருக்கும் நாய்க்கும் இது பொருந்தலாம். ஆனால் கருத்தடை செய்த நாயும் உப்புக்கொத்தியைத் துரத்தும். அதன் பலன் குட்டிகள் குறையக் குறைய, சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். இந்த ஆண்டு முட்டைக்கு இதில் உதவி கிடையாது. அதற்காக ஒதுக்கிவிடவும் முடியாது, ஏனென்றால் நெடுநாள் நோக்கில் குட்டிகள் பெருகுவதை வேறு எதுவும் தடுக்காது. இதை உள்ளாட்சியும் கால்நடைத் துறையும் செய்யட்டும். பறவைக்காகச் சேர்த்த சின்னத் தொகையை இதில் கரைக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

காக்கையைக் கொல்வது பற்றிப் பேசவே வேண்டாம். முன்பு சட்டத்தில் காக்கையும் எலியும் தீங்குயிர் என்று ஒரு தனி அட்டவணையில் இருந்தன. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையே போய்விட்டது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அக்னி தீர்த்தத்தில் முழுகி, முன்னோருக்குப் பிண்டம் வைத்து, காக்கை எடுக்கிறதா என்று கண் பதித்து நிற்கிற ஊர் இது. அங்கே போய்க் காக்கைக்கு விஷம் வைப்போம் என்று சொன்னால் அடுத்த கூட்டத்துக்கு யாரும் வர மாட்டார்கள். வரவும் கூடாது. நரி, உடும்பு, செம்பருந்து எல்லாம் தாமே பாதுகாக்கப்பட வேண்டியவை.

நியூசிலாந்தின் மெக்கன்சி சமவெளியில் கொஞ்சம் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தார்கள். கூடு கட்டும் பருவத்துக்குச் சில வாரம் முன்பிருந்தே பறவை வாசனையைப் பசையில் கலந்து வெளியெங்கும் தடவினார்கள். மோப்பம் பிடித்து வந்த பூனைகளும் மர நாய் போன்ற பிராணிகளும் அங்கே எதுவும் கிடைக்காமல் அலுத்துப்போய், உண்மையான பறவைகள் வந்தபோது அந்த வாசனையைக் கண்டுகொள்ளவில்லை. கூடுகள் அதிகம் பிழைத்தன. ஆனால் அது மூக்கை ஏமாற்றும் தந்திரம். கண்ணால் தேடும் காக்கையிடம் எடுபடாது. இங்கே பரிசோதிக்க ஒரு பல்கலைக்கழகம் முன்வரட்டும்.

கயிறும் ஆளும்

எனக்குப் பிடித்த வழி இங்கே வருகிறது. இதில் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. கூடுகள் இருக்கிற மணல்மேட்டைச் சுற்றிக் கழி நட்டு, இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு கட்டி, பலகையில் நாலு வரி எழுதி வைப்பது. கயிறு எந்த மிருகத்தையும் தடுக்காது, மனிதரை மட்டும்தான் தடுக்கும். ஆனால் மனிதரும் வண்டியும் ஒதுங்கினாலே பெரிய சுமை குறைகிறது. பறவை அடிக்கடி எழாமல் முட்டைமேல் உட்கார்ந்தால் காக்கைக்கு முட்டை கண்ணில் படாது. வெயிலும் முட்டையைத் தொடாது. ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் ஹூடட் ப்ளோவருக்குப் பல காலமாக இதைத்தான் தன்னார்வலர்கள் செய்கிறார்கள்.

கயிற்றுக்குப் பதில் பழைய வலையைக் கட்டலாமே, நாயும் வராதே என்று மீனவர்கள் சொல்வார்கள். யோசனை நல்லது, வலையும் இலவசம். ஆனால் நைலான் கண்ணியில் குஞ்சின் காலும் ஆலாவின் சிறகும் மாட்டும். நண்டு வலையும் செவுள் வலையும் வேண்டவே வேண்டாம். வேலி போட்டே ஆக வேண்டும் என்றால் கண்ணி தெளிவாகத் தெரிகிற கெட்டியான வேலி, அடியில் குஞ்சு நுழைந்து ஓடும் அளவுக்கு இடைவெளி.

வேலி தனியாக நின்றால் ஒரு வாரம் தாங்கும். அதற்கு ஆள் வேண்டும். இந்தக் கடற்கரையில் அதற்கு ஏற்பாடு தானாகவே இருக்கிறது. விசைப்படகுத் தொழிலாளர்கள் வேலையில்லாமல் இருக்கிற 61 நாளும் கூடுகளின் உச்ச நாட்களோடு பெரும்பாலும் பொருந்துகின்றன. அந்த ஊர்க்காரர் ஒருவருக்குத் தினக்கூலி கொடுத்துக் காலையும் மாலையும் நடக்கச் சொன்னால், அவர் வெளியூர் ஆர்வலரைவிட நன்றாகச் செய்வார். எந்தத் தடம் யாருடையது என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். கரைவலை இழுக்கிற சொந்தக்காரரிடம் வடத்தைக் கொஞ்சம் தள்ளி இழுங்கள் அண்ணே என்று சொல்ல அவரால்தான் முடியும். ஜீப்பை மணலில் இறக்குகிறவரைத் தடுக்கவும், நாயை அதட்டி விரட்டவும், கருவாட்டுக் கழிவைப் புதைக்கச் சொல்லவும் ஊர் ஆளின் குரல் வேண்டும். சீருடை போட்டவர் சொன்னால் சண்டை வரும்.

இதிலும் குறை உண்டு. இரவில் வரும் நரிக்கும் கீரிக்கும் இந்த ஆள் காவல் அல்ல. பௌர்ணமி அமாவாசை ஏற்றத்தில் தண்ணீர் மேலே வந்து கூட்டை அடித்துப் போனால் அவரால் என்ன செய்ய முடியும்? கூலி நின்ற அன்று காவலும் நிற்கும். ஆனால் இந்த வழியில் தாய்ப்பறவைக்கு ஆபத்து கூடுவதில்லை, தவறாகப் போனால் மறுநாளே மாற்றிக்கொள்ளலாம், குஞ்சு ஓடிப்போன பிறகும் அதே ஆள் அதே மணலில் இருக்கிறார். கூண்டால் இந்த மூன்றும் முடியாது.

குப்பையும் கருவேலமும்

காவல் ஆள் இந்த ஆண்டுக்கு என்றால், குப்பை அடுத்த பத்து ஆண்டுக்கு. மீன் கழிவும் எச்சில் சோறும் நின்றால் காக்கையும் நாயும் தானாகக் குறையும். செத்துப்போவதால் அல்ல, வேறு இடம் பார்த்துப் போவதால். ஒரு எச்சரிக்கை: பருவத்தின் நடுவில் திடீரென்று குப்பையை நிறுத்தினால், பசித்த காக்கை மணலில் முட்டை தேடத் தொடங்கலாம் என்று எனக்கு ஒரு பயம் உண்டு. தடைக்காலத்தில் விசைப்படகு மீன் வரத்து நிற்கிறபோதே இது ஓரளவு நடக்கக்கூடும். சுத்தம் செய்வதை அக்டோபரில் தொடங்கினால், ஏப்ரலுக்குள் காக்கைகள் இடம் மாறியிருக்கும். கூடு உள்ள மேடுகளைச் சுற்றியிருக்கும் சீமைக் கருவேலத்தை வேரோடு எடுப்பதும் மழைக்காலத்தை ஒட்டிய வேலைதான். பருவத்தில் ஜேசிபியை இறக்கக் கூடாது.

இடத்துக்கு இடம் மாறும்

ஒரே திட்டத்தை எல்லா இடத்துக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

அரிச்சல்முனைச் சாலையின் இரு பக்கமும், முகுந்தராயர் சத்திரம்வரை, மனிதரும் நாயும்தான் முதல் எதிரி. அங்கே கயிறும் ஆளும். மாரியூர், வாலிநோக்கம் உப்பளங்களில் கதை வேறு. பாத்தி வரப்பில் முட்டையிடும் நெடுங்கால் உள்ளானுக்கு நரி, நாய், கீரி எல்லாமே வரப்பில் நடந்து வருகின்றன. அங்கே மலிவான காவல் தண்ணீர்தான். பாத்திக்கு நடுவில் ஒரு மண் திட்டை விட்டுவைத்து, ஏப்ரல் முதல் ஜூலைவரை அதைச் சுற்றித் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் நாய் இறங்கத் தயங்கும். உப்பள மேலாளரின் ஒரு சம்மதம் போதும், செலவு அற்பம். தண்ணீரைத் திடீரென ஏற்றி முட்டையை மூழ்கடிக்காமல் இருக்கச் சொல்லவும் அந்த ஒரு பேச்சு உதவும்.

ராமர் பாலத்தின் தீடைகளில், அதாவது கடல் நடுவே உள்ள மணல் திட்டுகளில், ஆலாக்கள் கூட்டமாக முட்டையிடுகின்றன. அங்கே நாய் கிடையாது. காக்கை வந்தால் கூட்டமே எழுந்து துரத்திக் கொத்தும். தீடைக்கு நாம் செய்யக்கூடிய உதவி அதில் கால் வைக்காமல் இருப்பது, படகில் எலியோ நாயோ போகாமல் பார்த்துக்கொள்வது. ட்ரோன் பறக்கவிடாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அவற்றில் அனுமதியின்றி இறங்கத் தடை, ஆகவே அங்கே இந்தப் பேச்சுக்கு இடமில்லை.

பாக் நீரிணைப் பக்கம், தேவிபட்டினம், காரங்காடு, தொண்டிவரை, மணல் குறைவு, சேறு அதிகம். ஆள்காட்டிகள் ஊருக்குப் பக்கத்திலேயே தரிசில் முட்டையிடும். அவை சத்தம் போட்டே ஊரைக் கூட்டுகிற பறவைகள். அங்கே ஆடு மேய்ப்பவரிடம் பேசிவைப்பதே பெரிய காவல்.

கையில் இருக்கிற தொகையை நான் பிரித்தால், பெரும்பங்கைக் காவல் ஆளின் கூலிக்குப் போடுவேன். மீதியில் கழி, கயிறு, பலகை, ஒரு பைனாகுலர், தடம் குறிக்க ஒரு நோட்டு. கூண்டுக்கு முதல் ஆண்டு ஒரு ரூபாயும் இல்லை. ஜூலை முடிந்ததும் நோட்டைத் திறந்து பார்க்கலாம். போன கூடுகளில் பாதிக்கு மேல் நாய்த்தடம் என்றால், ஊராட்சியிடம் கருத்தடை முகாம் கேட்க அதுவே சான்று. வெறும் பள்ளங்கள் அதிகம் என்றால் காக்கை, அக்டோபரில் குப்பையும் கருவேலமும். இரவில் வந்துபோன நாய்த்தடங்களே மிகுதி என்றால் அப்போது ஒன்றிரண்டு கூண்டைச் சோதித்துப் பார்க்க அர்த்தம் உண்டு.

வனத்துறை அனுமதிக் கடிதம் ஜனவரியிலேயே போய்ச் சேர வேண்டும். மார்ச்சில் கொடுத்தால் கையெழுத்தாகி வருவதற்குள் முதல் முட்டைகள் மணலில் கிடக்கும். சரணாலய எல்லைக்குள் வருகிற இடத்துக்குக் கழி நடவும் அனுமதி தேவைப்படும். கடிதத்தில் இடத்தைத் துல்லியமாகக் குறிப்பிடுங்கள், ஆனால் கூடு இருக்கும் இடத்தின் வரைபடத்தை வாட்சப் குழுவில் போடாதீர்கள்.